சின்னி போன வழியில் ஆறு நாட்கள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு: பழையகோட்டை

கடந்த பட்டிப் பொங்கலன்று எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் ஒரு முளைக்குச்சி வெறுமையாக நின்றது. ஒன்பது ஆண்டுகள் அதில் கட்டிக் கிடந்த சின்னி என்ற ஜெர்சிக் கலப்பினப் பசுவை மார்கழியில் அப்பா 18,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். ஐந்து ஈத்துக்குப் பிறகு நான்கு முறை சினை ஊசி போட்டும் அது பிடிக்கவில்லை. யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டேன். "தரகர் ஓட்டிட்டுப் போனாரு, அம்மிணி" என்றார். அதற்கு மேல் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இம்முறை அந்த விடை எனக்குப் போதவில்லை என்பதால், ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து மாடுகள் போகும் வழியிலேயே போய்ப் பார்ப்பதென்று கிளம்பினேன்.

முதல் நாளை நல்ல இடத்தில் தொடங்க விரும்பி, காங்கயம் அருகே ஞாயிறுதோறும் கூடும் பழையகோட்டை மாட்டுத்தாவணிக்குச் சென்றேன். அங்கே வருபவை காங்கயம் இன மாடுகள் மட்டுமே. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தைச் சொல்லியே மாட்டை அழைக்கிறார்கள். வாங்க வருபவர்கள் வளர்க்கவே வாங்குகிறார்கள் என்பதால் அங்கிருக்கும் பேச்சே வேறு விதமாக இருக்கிறது. தாய்வழி எது, எந்தக் காளைக்குப் பிறந்தது, சுழி எங்கே இருக்கிறது என்று, பெண் பார்க்க வந்தவர்களைப் போல நிதானமாக விசாரிக்கிறார்கள். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மயிலைப் பசுவையும் கன்றையும் 72,000 ரூபாய்க்கு முடித்தார். விற்ற பெரியவர் பணத்தை எண்ணி வாங்கிய பின், பசுவின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் தலைக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். வாங்கியவர் புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார். "மாட்டைக் கொடுக்கலாம், கயித்தைக் கொடுக்கக் கூடாதுங்க" என்று பெரியவர் எனக்கு விளக்கினார். சின்னியின் கயிறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆணியில்தான் தொங்குகிறது.

வெயில் ஏறியதும் காங்கயத்துக்கு வந்து, ஒரு மெஸ்ஸில் 180 ரூபாய்க்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு சாப்பிட்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் காவடிக் கூட்டம் ஒன்று பச்சை வேட்டிகளுடன் சாலையோரமாகப் போனது. நாற்பது நாளாகப் புலால் தொடாதவர்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்: கொறங்காடு

இன்று முழுவதும் ஓர் உறவினரின் கொறங்காட்டில் கழிந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிளுவை முள்ளால் உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கும் காடுதான் கொறங்காடு. மழை குறைந்த எங்கள் மண்ணில் மாட்டை நம்பித்தான் பயிர், பயிரை நம்பித்தான் மாடு என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகல், 'ஆகோள்' எனப்படும் ஆநிரை கவர்தலில் இறந்த ஒருவனுக்காக நட்டது. மாட்டுக்காக உயிரை விட்டவர்களுக்குக் கல் நட்டிருக்கிறோம். அதே பழைய பாடல்களில் கொழுத்த பசுவைத் தின்ற மழவர்களும் வருகிறார்கள். எங்கள் முன்னோர் மாட்டை எப்போதும் கும்பிட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார்கள் என்று நான் நம்பி வளர்ந்தது முழு உண்மையில்லை.

உறவினரிடம் இப்போது எருது ஒன்றுகூட இல்லை. ஏருக்கு டிராக்டர், கிணற்றுக்கு மோட்டார் என்றான பிறகு ஆண்மாடு எதற்கு என்று அவர் கேட்டார். 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் இருந்தன. ஆனால் அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஆண்மாடுகளின் எண்ணிக்கை மட்டும் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்றுகள்தான் என்பது அன்றும் இன்றும் மாறவில்லை. அவை எங்கே போயின என்பதை இந்தக் கணக்கை வைத்தே ஒருவர் ஊகித்துவிடலாம். மாலையில் பொள்ளாச்சிப் பேருந்து தாராபுரம் தாண்டியதும் சக்கரம் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கை அம்மாள் தன் தூக்குப்போசியிலிருந்த கம்பங்கூழில் பாதியை, நான் கேட்காமலே, ஊற்றிக் கொடுத்தார்.

4 பிப்ரவரி, செவ்வாய்: பொள்ளாச்சிச் சந்தை

பொள்ளாச்சி மாட்டுச்சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். விடிவதற்கு முன்பே போய்விட்டேன். தமிழக மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் இரவெல்லாம் வந்த லாரிகள் மாடுகளை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு சாதாரணச் சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நான் நின்ற இடத்தில் இறங்கிய ஒரு வண்டியில் 14 எண்ணினேன். ஒரு மாடு எழ மறுத்தபோது அதன் வாலை மடித்து முறுக்கினார்கள். அது எழுந்தது. எழுந்த விதத்தைப் பார்த்து என் வயிறு கலங்கியது. உண்பது சரியா தவறா என்பதை ஆயிரம் ஆண்டு வாதிட்டாலும், அந்த வாலை முறுக்குவதற்கு எந்தப் பக்கத்திலும் நியாயம் கிடையாது.

ஆண்கள் மட்டுமே நிற்கும் சந்தையில் நான் ஒருத்தி நோட்டுப் புத்தகத்துடன் நிற்பதைப் பார்த்து முதலில் விலகிப் போனார்கள். பிறகு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தரகர், "பத்திரிகையாங்க அம்மிணி?" என்று கேட்டார். நான் காங்கயத்துக்காரி, எங்கள் மாடு போன வழியைப் பார்க்க வந்தேன் என்றதும் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, கூடவே வரச் சொன்னார். துண்டுக்கு அடியில் இருவரும் விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்த விரலுக்கு எவ்வளவு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பல்லைப் பார்ப்பதைச் சொல்லிக் கொடுத்தார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் விழுந்து முளைத்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. அதற்கு மேல் வயதைத் தேய்மானத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

வரிசையின் கடைசியில் மடி சுருங்கிய ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு நின்றது. நெற்றியில் பொங்கலுக்கு வைத்த மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிந்தது. தரகர் அதன் இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கள் அப்பா சினை நிற்கிறதா என்று பார்க்கும் அதே இடம். அவர் பார்த்தது கறி எத்தனை கிலோ விழும் என்று. 17,500 ரூபாய்க்கு முடிந்தது. கறவைக்கும் வளர்ப்புக்கும் போகும் மாடுகளை ஒரு பக்கமாகவும், கறிக்குப் போகும் அடிமாடுகளை இடப்பக்கமாகவும் ஓட்டினார்கள். அந்தப் பசு இடப்பக்கம் போனது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக முடியாமல்போன மாடு என்று சான்றளிக்கப்பட்டால்தான் அறுக்கலாம். 1976-இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதைத் தடுத்தது. கேரளத்தில் அப்படித் தடை இல்லை. ஆகவே எங்கள் பசுக்கள் எல்லை தாண்டுகின்றன. 2017 மே மாதம், சந்தையில் அடிமாடாக விற்கவே கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது சில வாரங்கள் இந்தச் சந்தை வெறிச்சோடிக் கிடந்ததாகத் தரகர் சொன்னார். மதுரையில் உயர் நீதிமன்ற அமர்வு அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. "அப்போ எங்களைத் திட்டினவங்க எல்லாரும், பால் வத்தின மாட்டை ஓட்டிட்டுப் போகச் சொல்லி எங்களுக்கே போன் பண்ணினாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து நகர்ந்த ஓர் எருது என் வலது காலை மிதித்துவிட்டது. பெருவிரல் நகம் பிளந்து ரத்தம் வந்தது. தரகர் தன் துண்டையே கிழித்துக் கட்டி, இருசக்கர வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று, ஊசி போட்டு முடியும்வரை வெளியே காத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், 12 ரூபாய். அதற்கும் அவரே காசு கொடுக்கப் பார்த்தார்.

இரவு அப்பா அழைத்தார். இருக்கும் இன்னொரு மாடு கன்று ஈன்றுவிட்டதாம். என்ன கன்று என்றேன். "காளைக்கன்னு" என்றார், துக்கச் செய்தி சொல்வதைப் போல.

5 பிப்ரவரி, புதன்: மீனாட்சிபுரம், பெருவெம்பு

நொண்டியபடியே பேருந்து ஏறினேன். எல்லையில் மீனாட்சிபுரத்தில் கேரள அரசின் பால் பரிசோதனைச் சாவடி இருக்கிறது. தமிழகத்திலிருந்து போகும் பால் வண்டிகளை நிறுத்திக் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பால் டேங்கருக்குப் பின்னால் ஒரு மாட்டு லாரி நின்றது. இரண்டும் ஒரே சாலையில், ஒரே திசையில் போகின்றன. பசு பால் கொடுக்க ஆண்டுக்கொரு கன்று ஈன வேண்டும், ஈன்ற கன்றில் பாதி ஆணாக இருக்கும், ஈனாத பசு பால் தராது. இந்த மூன்றையும் நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அறிவேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாலும் இறைச்சியும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள் என்பது வரும். அதை முப்பத்தாறு வயதில், சாலையோரத்தில், விரலில் கட்டுடன் நின்றுதான் நான் சேர்த்துப் பார்த்தேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. மலைத்தொடரின் அந்த இடைவெளி வழியாக இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்; உதடு வெடித்துவிட்டது. செண்டை, மத்தளம், மிருதங்கம் போன்ற தோற்கருவிகள் செய்வதற்குப் பேர்போன பெருவெம்பு என்ற ஊரில் இறங்கினேன். ஒரு வீட்டு முற்றத்தில், மயிர் நீக்கிய தோலை முளையடித்து இழுத்துக் காய வைத்திருந்தார்கள். செண்டைக்குப் பசுத்தோல் என்று அந்தக் கைவினைஞர் தமிழிலேயே சொன்னார். பழுது பார்க்கக் கொடுத்திருந்த ஒரு செண்டை அடுத்த வாரம் கோவில் திருவிழாவுக்குப் போக வேண்டியதாம். தட்டிக் காட்டினார். நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. கோவிலுக்குள் இறைச்சி போக முடியாது. அதன் தோல் சந்நிதிக்கு முன்னால் முழங்குகிறது. இதைப் போலித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் சிலர் தூய்மையாக இருப்பதற்காக வேறு சிலர் தோலை உரித்து, நாற்றத்தைச் சுமந்து, அதற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள் என்ற வரலாறு அந்த முழக்கத்துக்குள் இருக்கிறது.

6 பிப்ரவரி, வியாழன்: வாணியங்குளம்

ஒற்றப்பாலத்துக்கும் சொர்ணூருக்கும் இடையே உள்ள வாணியங்குளத்தில் வியாழக்கிழமைச் சந்தை. பொள்ளாச்சியில் பார்த்த அதே நிற மாடுகள், கொம்பில் அதே சாயம். பெரும்பாலானவற்றின் கயிறு மட்டும் புதிது. எங்கோ ஒரு திண்ணையில் இவை ஒவ்வொன்றின் பழைய கயிறும் தொங்கிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. சின்னி இங்கேதான் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இந்த வழியில்தான் போயிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

மதியம் ஒரு சிறிய உணவகத்தில் எனக்கெதிரே உட்கார்ந்தவர், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொறோட்டாவும் பீஃபும் சொல்வதற்கு முன், "நான் இதைச் சாப்பிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தடுமாற வைத்தது. எங்கள் ஊரில் யாரும் ஆட்டுக்கறி சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரை இப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன். கடைக்காரர் இன்று மூரி இல்லை, போத்துதான் என்றார். அதாவது எருதில்லை, எருமைக்கடா. எனக்குச் சோறும் எரிசேரியும் 70 ரூபாய், அவருடைய தட்டு 140.

நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒரு குறளைச் சொன்னார்.

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்றருவா ரில்.

பள்ளியில் படித்ததுதான். தின்பவர் இல்லையென்றால் விற்பவர் இல்லை என்று, குற்றத்தைத் தின்பவர் தலையில் வைக்கும் குறள். அதனால்தான் மாட்டுக்கறி தொடாத வீட்டில் பிறந்த எனக்கு அது ஒருபோதும் உறுத்தவில்லை. "விலைப்பொருட்டால் ஊன் தருவார் என்றால் யார்?" என்று ஆசிரியர், வகுப்பில் கேட்பது போலவே கேட்டார். கசாப்புக்காரர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து அந்த 18,000 ரூபாய் நினைவுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி மாற்றினார்கள், மீதியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கினார்கள். குறளின் இரண்டாம் அடியில் நிற்பது நாங்கள்.

இத்தனை ஆண்டும் மாட்டுக்கறி உண்ணாததை மாட்டுக்குச் செய்த மரியாதை என்று எண்ணியிருந்தேன். மாட்டின் ஆயுளில் அதனால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. எங்களுக்குத்தான் அதன் கடைசி நாட்களைப் பார்க்காமல் இருக்கும் வசதி கிடைத்தது. மாட்டிறைச்சியைக் காரணம் காட்டிப் பிறரை அடிக்கவும் கொல்லவும் துணிகிறவர்களின் செய்தியைப் படித்துப் பதறியிருக்கிறேன். ஆனால் அந்தப் பழி போய் விழும் மனிதர்களிடம் மாட்டை ஒப்படைத்ததே எங்களைப் போன்றவர்கள்தான் என்று ஒருமுறையும் எங்கும் சொன்னதில்லை.

ஆசிரியர் எழும்போது, தனக்குத் தெரிந்த ஒரு கசாப்புக்காரர் வீடு அருகில்தான் இருக்கிறது, பார்க்கும் மனம் இருந்தால் அதிகாலை வரலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரவு முழுவதும் தூங்கவில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி: திரும்புதல்

அதிகாலை நாலேமுக்கால். கசாப்புக்காரரின் மனைவி முதலில் என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக் கட்டன் சாயா, அதாவது பாலில்லாத தேநீர், கொடுத்தார். தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

ஓர் எருது. வாளியில் தண்ணீர் வைத்தார்கள், குடித்தது. இன்னொரு மாடு சுவருக்கு அந்தப் பக்கம், பார்க்க முடியாத இடத்தில் கட்டப்பட்டிருந்தது. கத்தியை முன்பே தீட்டி, துணியால் மூடி முதுகுப்புறம் வைத்திருந்தார். மாட்டின் கண்ணில் கத்தி படக் கூடாது, அதன் முன்னால் தீட்டவும் கூடாது என்பது அவர்கள் மார்க்கம். இறைவன் பெயரைச் சொன்னார். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. நான் நினைத்ததைவிட விரைவாக முடிந்தது, ஆனால் கால்கள் அசைந்து அடங்குவதற்கு நான் நினைத்ததைவிட நேரமானது. அந்த நேரம் முழுவதும் அவர் ஒரு கையை மாட்டின் கழுத்தின் மேலேயே வைத்திருந்தார், பேசவில்லை. பொள்ளாச்சியில் வாலை முறுக்கிய கைகளையும் இந்தக் கையையும் ஒன்றாக எண்ண என்னால் முடியாது. எனினும் அந்த எருது குடித்த தண்ணீர், அது இன்னும் வாழ விரும்பியதற்கு அடையாளமாகவே எனக்குப் பட்டது. கருணையோடு செய்தாலும் அது ஓர் உயிரை எடுப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்ட ஆட்டுக்கும் இப்படி ஒரு விடியற்காலை இருந்திருக்கும். இனி இறைச்சி உண்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். பாலைப் பற்றி என்ன முடிவெடுப்பது என்று தெரியவில்லை.

பாலக்காடு, பொள்ளாச்சி, தாராபுரம் என்று மூன்று பேருந்து மாறி இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்தேன். அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டிருந்தார். கால் கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "சின்னி வாணியங்குளம் வரைக்கும் போயிருக்குமுங்கப்பா" என்றேன்.

"தெரியும் அம்மிணி. எங்கே ஓட்டிட்டுப் போறீங்கன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு தரகர்கிட்ட நான்தான் சொன்னேன்."

கட்டுத்தரையில் புதுக்கன்று தாயோடு ஒட்டிப் படுத்திருந்தது. தினம் இரண்டு லிட்டர் பால் குடிக்கும், சொசைட்டி விலையில் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும், கலப்பினக் காளைக்குத் திமில் சரியாக இருக்காது என்பதால் நுகத்தடியும் நிற்காது என்று அப்பா வரிசையாகச் சொன்னார். பெண் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்த விந்து வந்திருக்கிறது, அடுத்த முறை அந்த ஊசியைப் போடச் சொல்லலாம் என்றேன். "அடுத்த முறைக்குச் சரி. இதுக்கு?" என்றார். தீவனச் செலவை நான் மாதாமாதம் அனுப்புகிறேன் என்றேன். எத்தனை வருசத்துக்கு என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தால் தரகரைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், கடைசி வரைக்கும் நானே கூடப் போகிறேன் என்றேன். அவர் நெடுநேரம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். தயிர்ச்சோறு எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.